இலவசச் செயலிக்குக் கூலி கொடுப்பது யார்?

சென்ற இதழுக்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் முதலீட்டுச் செயலிகளில் எதை நம்புவது என்பதே அது. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு செயலியின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். செயலிகளின் கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. இன்று நான் சொல்லும் பெயர் அடுத்த ஆண்டு உங்களுக்குத் தீங்காகவும் முடியலாம்.

கேள்வி: பங்கு வாங்கவும் விற்கவும் ஒரு காசும் கேட்பதில்லை என்று விளம்பரம் செய்கிறார்கள். ஊழியர், கணினி, அலுவலகம் என்று இத்தனை செலவுகளை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் எப்படி இலவசமாக உழைக்கும்? வீட்டில் கேட்டால், "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்கிறார்கள்.

பதில்: தானம் கொடுத்தவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்ட பழமொழி அது. செயலி நடத்துபவர் தானம் கொடுக்க வந்தவர் அல்லர், வியாபாரம் செய்ய வந்தவர். எனவே பல்லை மட்டுமல்ல, குளம்பையும் தூக்கிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் 1975 மே 1-ஆம் நாள் வரை பங்குத் தரகர்கள் நிர்ணயிக்கப்பட்ட விகிதத்தில்தான் கமிஷன் வாங்கினார்கள். அந்தக் கட்டு அவிழ்ந்த பிறகு போட்டியால் கட்டணம் படிப்படியாகக் குறைந்தது. 2013-இல் தொடங்கப்பட்ட ராபின்ஹுட் நிறுவனம் கமிஷனே இல்லாத பங்கு வணிகத்தைக் கைப்பேசிச் செயலி வழியே பரப்பியது. 2019 அக்டோபரில் சார்லஸ் ஷ்வாப் முதலான பெரிய தரகு நிறுவனங்களும் அதே பாதைக்கு வந்து சேர்ந்தன. கமிஷன்தான் போயிற்றே தவிர, தரகரின் வருமானம் போகவில்லை. அது வாடிக்கையாளரின் பார்வை படாத இடங்களுக்கு நகர்ந்துகொண்டது.

முதலீடு செய்யாமல் உங்கள் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தை வங்கியில் வைத்து, வரும் வட்டியில் உங்களுக்குச் சிறிது தந்தோ தராமலோ மீதியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். கடன் வாங்கிப் பங்கு வாங்க ஆசைப்படுவோரிடம் வட்டி பெறும். நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், உங்கள் பங்குகளை வேறொருவருக்கு இரவல் கொடுத்து அதற்கும் கூலி பெறும். வெளிநாட்டுப் பங்கு வாங்கும்போது நாணய மாற்று விகிதத்தில் சற்றே கூட்டி வைக்கும்; போகும்போது 1.5 சதவீதம், வரும்போது 1.5 சதவீதம் என்றால், வாங்கிய விலைக்கே விற்றாலும் 100-இல் ஏறத்தாழ 3 கரைந்திருக்கும். பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதித் திட்டங்களை விற்றுக்கொடுத்து, அவற்றை நடத்தும் நிறுவனங்களிடம் தரகு பெறும் செயலிகளும் உண்டு.

இவற்றுள் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது, வாடிக்கையாளரின் ஆர்டரைச் சந்தைக்கு நேரே அனுப்பாமல் ஒரு பெரிய வணிக நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அப்படி ஒப்படைத்ததற்காக அந்த நிறுவனத்திடமே பணம் பெறும் வழக்கமாகும். உங்களுக்கு நல்ல விலை வாங்கித் தர வேண்டிய தரகருக்கு, தமக்கு அதிகம் தருபவர் யார் என்று பார்க்கும் ஆசையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இது வெறும் சந்தேகம் அன்று. 2020 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், தன் வருமான வழியை வாடிக்கையாளர்களிடம் சரிவரச் சொல்லவில்லை என்று ராபின்ஹுட் நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டியது. அந்நிறுவனம் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, 6.5 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. ஆணையத்தின் கணக்குப்படி, கமிஷன் இல்லாததால் மிச்சமான தொகையைக் கழித்துப் பார்த்த பிறகும், மோசமான விலையால் வாடிக்கையாளர்கள் இழந்தது 3.41 கோடி டாலர். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வழக்கத்துக்கு எதிராக 2024-இல் சட்டமே இயற்றியது.

இந்த வருமான வழிகள் எல்லாம் மோசடி என்று சொல்ல வரவில்லை. சும்மா கிடக்கும் பணத்தின் வட்டியில் பிழைக்கும் செயலியால் பொறுமையான முதலீட்டாளருக்குப் பெரிய தீங்கு இல்லை. பணத்தைச் சும்மா போட்டு வைக்காமல் இருந்தாலே போதும். நீங்கள் அடிக்கடி வாங்கி விற்றால்தான் தனக்கு லாபம் என்ற நிலையில் உள்ள செயலியிடம்தான் எச்சரிக்கை வேண்டும். எனவே, "இது இலவசமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நான் எதைச் செய்தால் இவர்களுக்கு வருமானம்?" என்று கேட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் தேடியும் அதற்கான விடை செயலியிலோ அதன் இணையதளத்திலோ கிடைக்கவில்லை என்றால், அதையே விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான்கு செயலிகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். நான்குக்கும் 4-க்கு மேல் நட்சத்திர மதிப்பெண் இருக்கிறது. பதிவிறக்கம் செய்தவர்களும் இலட்சக்கணக்கானோர். இவற்றில் ஒன்றை எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நட்சத்திரம் கொடுப்பவர் பெரும்பாலும் கணக்குத் திறந்த மகிழ்ச்சியில் கொடுக்கிறார். கணக்குத் திறப்பது எல்லாச் செயலிகளிலும் இன்று எளிதுதான். பணத்தைத் திரும்ப எடுக்கும் நாளில்தான் ஒரு செயலியின் குணம் தெரியும். ஆகவே ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்துகளை மட்டும், அதுவும் அண்மையில் எழுதப்பட்டவற்றை, பொறுமையாகப் படியுங்கள். நிறம் பிடிக்கவில்லை, மெதுவாக இயங்குகிறது என்பவற்றைத் தள்ளிவிடலாம். பணம் எடுக்க முடியவில்லை, கணக்கை மூட விடவில்லை, கேட்டால் பதில் இல்லை என்ற குறைகள் திரும்பத் திரும்ப வந்தால் அந்தச் செயலியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அடுத்து, செயலியின் விளம்பரப் பெயருக்குப் பின்னால் உள்ள நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரையும் பதிவு எண்ணையும் குறித்துக்கொண்டு, உங்கள் நாட்டின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் தேடுங்கள். அந்த இணையதளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். செயலி தரும் இணைப்பைத் தொட்டு அங்கே போகக் கூடாது, ஏனெனில் போலிச் செயலி போலிப் பதிவுப் பக்கத்தையும் கூடவே வைத்திருக்கும். பெயர், எண், இணையதள முகவரி ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

பிறகு, உங்கள் பங்குகளும் பணமும் உண்மையில் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள். செயலி என்பது கடையின் முகப்பு மட்டுமே. சரக்கு வேறொரு கிடங்கில் இருக்கும். அந்தக் கிடங்குக்காரரின் பெயர் என்ன, வாடிக்கையாளரின் சொத்து நிறுவனத்தின் சொத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கிறதா, நிறுவனம் நொடித்துப்போனால் இழப்பீட்டுத் திட்டம் எதுவரை காக்கும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் சினாப்ஸ் என்ற இடைத்தரகு நிறுவனம் திவாலானபோது, அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத பலர், தாங்கள் பயன்படுத்திய சேமிப்புச் செயலிகளில் இருந்த பணத்தை மாதக்கணக்கில் எடுக்க முடியாமல் தவித்தார்கள். செயலிக்கும் வங்கிக்கும் நடுவே நின்ற அந்த நிறுவனத்தின் கணக்கேடும் வங்கிகளின் கணக்கேடும் ஒத்துப்போகவில்லை, 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை குறைவதாக மதிப்பிடப்பட்டது. வங்கிகள் எதுவும் விழவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கடைசியாக, வெளியேறும் வழி. இதை நான் பட்டுத்தான் கற்றேன். முழுப் பங்கு வாங்க இயலாதவர்களுக்காகப் பங்கின் ஒரு சிறு பகுதியை விற்கும் வசதி எனக்கு மிகவும் பிடித்துப்போய், ஒரு செயலியில் இரண்டு ஆண்டுகள் அப்படியே சேர்த்துவந்தேன். வேறு தரகரிடம் மாற முயன்றபோதுதான், முழுப் பங்குகளை மட்டுமே மாற்ற முடியும், துண்டுப் பங்குகளை விற்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தெரிந்தது. விற்றதற்கு வரியும் கட்டினேன். அந்த விதி ஒப்பந்தத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. படிக்காமல் விட்டது என் குற்றம்.

இந்தச் சோதனைகள் முடிந்த பிறகு மிஞ்சும் ஒன்றில் சிறிய தொகையைப் போட்டு, ஏதேனும் ஒன்றை வாங்கி, விற்று, பணத்தை வங்கிக்குத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் விமரிசனங்கள் சொல்லாததை அந்த ஒரு சுற்று சொல்லிவிடும்.

கேள்வி: மாதந்தோறும் என்னால் மிகச் சிறிய தொகையையே ஒதுக்க முடியும். ஒரு செயலி, நான் செய்யும் ஒவ்வொரு செலவையும் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி, அந்தச் சில்லறையைத் தானே முதலீடு செய்கிறது. கமிஷன் கிடையாது, சிறிய மாதச் சந்தா மட்டுமே. சேரலாமா?

பதில்: பழக்கத்தை உண்டாக்க நல்ல உத்திதான், ஆனால் அந்தச் 'சிறிய' என்ற சொல்லைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சந்தா மாதத்துக்கு 3 என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 36. உங்கள் கணக்கில் 500 இருந்தால் அது 7.2 சதவீதம். சந்தை ஓர் ஆண்டில் நன்றாக விளைந்தாலும் அந்த விளைச்சலைச் சந்தாவே மேய்ந்துவிடும். கணக்கில் 20,000 இருப்பவருக்கோ அதே 36 வெறும் 0.18 சதவீதம். நிலையான சந்தா சிறிய கணக்கைத்தான் அதிகம் கடிக்கிறது. ஆனால் இத்தகைய செயலிகளைத் தேடிவருபவர்கள் பெரும்பாலும் சிறிய கணக்குக்காரர்களே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். இங்கே அளக்க வேண்டியது கட்டணத்தின் தொகையை அன்று, உங்கள் இருப்பில் அது எத்தனை சதவீதம் என்பதை.

பெரிய கணக்குக்குக் கதை தலைகீழாகும். அங்கே சதவீதக் கட்டணம்தான் கரையான். ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் 1 என்ற தொகை 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 7.6 ஆகும், அதிலிருந்து ஆண்டுதோறும் 1 சதவீதப் புள்ளி கட்டணமாகப் போய் 6 சதவீதமே வளர்ந்தால், ஏறத்தாழ 5.7 மட்டுமே ஆகும். முடிவில் கையில் இருந்திருக்க வேண்டியதில் கால்பங்கு காணாமற்போகிறது. செயலி இலவசமாக இருந்தாலும், அதற்குள் நீங்கள் வாங்கும் நிதித் திட்டத்தின் நிர்வாகக் கட்டணம் இலவசம் அன்று என்பதை மறந்துவிடக் கூடாது. சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதிகளில் இது பொதுவாக மிகக் குறைவு. செயலி தன் முதல் பக்கத்தில் பரிந்துரைக்கும் திட்டங்களை விட்டுவிட்டு, கட்டணத்தின் ஏறுவரிசையில் பட்டியலை அடுக்கிப் பாருங்கள். அப்படி அடுக்கும் வசதியையே தராத செயலி வேண்டாம்.

உங்களுக்கு என் யோசனை: சந்தா இல்லாத ஒரு செயலியில், சம்பளம் வந்த மறுநாளே ஒரு சிறு தொகை தானாகக் குறியீட்டு நிதிக்குப் போகும்படி அமைத்துவிடுங்கள். சில்லறை சேர்க்கும் வேலையை உங்கள் வங்கிக் கணக்கே இலவசமாகச் செய்யும் வசதி இருந்தால் அதையும் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகன் வேலைக்குப் போன முதல் மாதமே முதலீட்டுச் செயலி ஒன்றைத் தொடங்கினான். மகிழ்ந்தேன். இப்போது சாப்பிடும்போதுகூட அது ஒலியெழுப்புகிறது. அவனும் உடனே எடுத்துப் பார்க்கிறான், எதையாவது விற்கிறான், வாங்குகிறான். இது முதலீடா, விளையாட்டா?

பதில்: அம்மா, தாங்கள் கவனித்தது சரி. அந்த ஒலி தற்செயலானது அன்று. எந்த நேரத்தில், எந்தச் சொல்லில், எந்த நிறத்தில் அறிவிப்பு அனுப்பினால் பயனர் செயலியைத் திறப்பார் என்று பார்த்துப் பார்த்து அமைக்கிறார்கள். ராபின்ஹுட் செயலியில் ஒரு காலத்தில் சில மைல்கற்களைத் தொட்டால் திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் மழையாகப் பொழியும். பலத்த கண்டனத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் அதை நீக்கினார்கள்.

அடிக்கடி வாங்கி விற்பதால் என்ன ஆகிறது என்பதைப் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகளை வைத்து ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். ஒரே தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்கள் அந்த ஆய்வில் இடம்பெற்றன. அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் விளைந்தது. மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்ததோ 11.4 சதவீதம். "அன்று கமிஷன் இருந்தது, இன்று இல்லையே" என்று தங்கள் மகன் வாதிடுவார். நியாயமான வாதம்தான், அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி வணிகச் செலவால் வந்தது. ஆனால் செலவு முற்றிலும் மறைந்துவிடவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி இன்றும் உண்டு. லாபத்துக்கு வரி உள்ள இடங்களில் அதுவும் உண்டு. கமிஷன் என்ற சிறு வேலி இருந்தபோது, பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் யோசித்தோம். வேலியை எடுத்த பிறகு யோசனையும் போய்விட்டது.

இதைவிட நான் அஞ்சுவது வேறொன்று. பல செயலிகளில் பங்குப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ பெறும் உரிமை), விலை வேறுபாட்டு ஒப்பந்தம் (பங்கை வாங்காமலே அதன் விலை ஏற்ற இறக்கத்தின்மீது கட்டும் பந்தயம்) போன்று, சிறு பணத்தைக் கொண்டு பெரிய தொகைக்கு ஈடுபடும் கடன்சார் வணிகங்கள் காத்திருக்கின்றன. 2018-இல் ஐரோப்பியப் பத்திரங்கள் மற்றும் சந்தைகள் ஆணையம், விலை வேறுபாட்டு ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நட்டமே கண்டன என்று கூறிக் கட்டுப்பாடு விதித்தது. மகனிடம் பேசும்போது செயலியையே நீக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ஆர்டர் நிறைவேறியது, புதிய கருவியிலிருந்து யாரோ கணக்குக்குள் நுழைந்தது ஆகிய இரண்டுக்கு மட்டும் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைக்கச் சொல்லுங்கள். கடன்சார் வணிகத்தை முடக்கும் வசதி இருந்தால் முடக்கச் சொல்லுங்கள். பிறகு, கடந்த 12 மாதங்களில் ஒன்றையும் தொடாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று அவரையே கணக்கிட வையுங்கள். தாயின் சொல்லைத் தட்டும் பிள்ளையும் சொந்தக் கணக்கைத் தட்ட மாட்டான்.

கேள்வி: ஆலோசனைக் கட்டணமே இல்லாமல் கணினியே முதலீட்டைப் பிரித்துப் போடும் செயலிகள் எப்படி?

பதில்: கருத்து நல்லது, பிரிப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். சார்லஸ் ஷ்வாப் குழுமத்தின் தானியங்கி ஆலோசனைச் சேவை, ஆலோசனைக் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்தது. ஆனால் வாடிக்கையாளர் பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகவே வைத்திருந்து, அதன்மூலம் குழுமத்தின் வங்கி வருமானம் ஈட்டியது. பெரும்பாலான சந்தை நிலைகளில் அந்த ரொக்கம் வாடிக்கையாளரின் வருவாயைக் குறைக்கும் என்பதை அவர்களின் சொந்தக் கணக்குகளே காட்டின என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் கூறியது; 2022 ஜூனில் 18.7 கோடி டாலர் செலுத்த அவர்கள் உடன்பட்டார்கள், குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும். உங்களுக்குக் காட்டப்படும் பிரிப்பில் ரொக்கத்தின் பங்கு எவ்வளவு, அது ஏன் அவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: எல்லா முதலீடுகளையும் ஒரே இடத்தில் காட்டும் இலவசச் செயலி, என் மின்னஞ்சலையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு விரிதாளில் மாதம் ஒருமுறை நீங்களே எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும்.

கேள்வி: சந்தை கடுமையாக ஏறி இறங்கும் நாளில் செயலி திறக்காமல் போனால் என்ன செய்வது?

பதில்: அப்படி நடந்ததுண்டு. 2020 மார்ச் 2-ஆம் நாள், அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 5 சதவீதத்துக்கு மேல் உயர்ந்த அன்று, ராபின்ஹுட் செயலி ஏறத்தாழ நாள் முழுவதும் முடங்கிக் கிடந்தது. இதுவும் வேறு குறைகளும் சேர்ந்து, அமெரிக்க நிதித் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று 2021-இல் அந்நிறுவனத்தின்மீது ஏறத்தாழ 7 கோடி டாலர் அபராதமும் இழப்பீடும் விதித்தது. கணினி வழியே நுழையும் வழியும், மனிதர் எடுத்துப் பேசும் தொலைபேசி எண்ணும் உள்ள செயலியைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்ணைச் செயலிக்கு வெளியே எழுதி வையுங்கள். மாதந்தோறும் சேர்ப்பவருக்கு ஒரு நாள் முடக்கம் எரிச்சல்தானே தவிர, இழப்பு அன்று.

கேள்வி: எனக்கு வயது 68. கைப்பேசிக் குழு ஒன்றில் அறிமுகமானவர் அனுப்பிய இணைப்பின் வழியே ஒரு செயலியை நிறுவினேன். போட்ட பணம் இரண்டு மாதத்தில் மும்மடங்காகத் தெரிகிறது. முதலில் சிறு தொகை எடுக்க முடிந்தது. இப்போது முழுவதையும் எடுக்க, முன்கூட்டியே வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் கிடைக்குமா?

பதில்: ஐயா, தயவுசெய்து இனி ஒரு காசும் அனுப்பாதீர்கள். முறையான நிறுவனம் தனக்கு வர வேண்டியதை உங்கள் இருப்பிலேயே கழித்துக்கொள்ளும். உங்கள் பணத்தைத் தருவதற்குப் புதிதாகப் பணம் கேட்காது. திரையில் தெரியும் மும்மடங்கு யாரோ தட்டச்சு செய்த எண் மட்டுமே. முதலில் எடுக்க விட்ட சிறு தொகை தூண்டிலில் கோத்த புழு.

இன்றே உங்கள் வங்கியை அழைத்து, அனுப்பிய பரிவர்த்தனைகளைச் சொல்லி நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். இணையக் குற்றங்களை விசாரிக்கும் காவல் பிரிவில் புகார் கொடுங்கள். முதல் சில மணி நேரங்கள் முக்கியமானவை என்றாலும், தாமதமாகிவிட்டது என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். உரையாடல்களையும் செயலியின் திரைகளையும் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே செயலியை நீக்குங்கள். வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். சில வாரங்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி இன்னொருவர் கட்டணம் கேட்டு வருவார். பெரும்பாலும் அதே கூட்டத்தின் மறு முகம் அது. பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். படித்தவர்களும் வங்கியிலேயே வேலை பார்த்தவர்களும் இதே வலையில் சிக்கி எனக்கு எழுதியிருக்கிறார்கள். இன்றிரவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிடிக்காத செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். கணக்கும் முடிந்துவிட்டதுதானே?

பதில்: இல்லை. செயலியை அழிப்பது கடைக்குப் போவதை நிறுத்துவது போன்றது. கடையில் உள்ள உங்கள் பற்றுவரவு அப்படியே இருக்கும். சந்தா இருந்தால் அது தொடர்ந்து கழியும், அடையாள ஆவணங்களும் அங்கேயே கிடக்கும். மீண்டும் நிறுவி, இருப்பை எடுத்து, கணக்கு விவரங்களை எல்லா ஆண்டுகளுக்கும் பதிவிறக்கிக்கொண்டு, வங்கியில் கொடுத்த தானியங்கிப் பற்று அனுமதியை நீக்கி, கணக்கை மூடும்படி எழுத்தில் கேட்டு, மூடியதற்கான மின்னஞ்சல் வந்த பிறகு அழியுங்கள்.